ஆற்றில் இறங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

மேட்டூர் திறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளியல் பற்றியவைதான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். நீளமாகக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகவும், ஒரு வரியில் கேட்டவர்களுக்கு நீளமாகவும் பதில் போயிருந்தால் கோபிக்க வேண்டாம், விஷயம் அப்படி.

ஆற்றில் தண்ணி வந்ததும் பசங்க ரெண்டு பேரும் பகவத் படித்துறையில குதிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறானுங்க. தண்ணி செம்மண் கலர்ல கலங்கலா ஓடுது. எங்க மாமியார் "புதுத்தண்ணி, உடம்புக்கு நல்லது, விடு"ங்கிறாங்க. விடலாமா சார்?
ஓர் அம்மா, கும்பகோணம்

ஒரு வாரம் பொறுங்கள் அம்மா. கலங்கலுக்குப் பயந்து சொல்லவில்லை. கலங்கல் என்பது பெரும்பாலும் வண்டல். அதனால் மட்டும் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது. தண்ணீரின் நிறத்தை வைத்து முடிவெடுப்பதுதான் நம் ஊரில் எல்லோரும் செய்வது. கண்ணாடி மாதிரி ஓடினால் சுத்தம், கலங்கினால் அழுக்கு என்று. நிஜத்தில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: உங்கள் படித்துறைக்கு மேலே ஆற்றில் என்ன வந்து விழுகிறது, கடந்த இரண்டு நாளில் மழையோ புதுத்தண்ணீரோ வந்ததா.

வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி ஜூன் 12-ல் திறக்கிறார்கள். இடையில் நாலரை மாதம் ஆறு மணலாகக் கிடக்கிறது. ஆனால் ஊர்ச் சாக்கடைக்கு விடுமுறை கிடையாது. அது பாட்டுக்கு வந்து ஆற்றுக்குள் குட்டை குட்டையாகத் தேங்கிக் கறுத்துக் கிடக்கும், பக்கத்திலேயே கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, பழைய துணி. கல்லணையில் தண்ணீர் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் இத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டுதான் கீழே வருகிறது. ஆற்றில் வருஷத்திலேயே மோசமான தண்ணீர் எது என்று கேட்டால், எல்லோரும் பூப்போட்டுக் கும்பிடும் அந்த முதல் தண்ணீரைத்தான் சொல்வேன். கும்பிடுங்கள், தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், முங்க வேண்டாம்.

நுரையும் குப்பையும் நின்று, நீர்மட்டம் ஒரே படியில் சில நாள் நிலையாக நின்ற பிறகு பசங்களை விடலாம். ஆடிப்பெருக்கு வாக்கில் ஆறு கரைபுரண்டு ஓடும்போது சாக்கடை பல மடங்கு தண்ணீரில் கலந்து நீர்த்துப் போயிருக்கும், ஆனால் அப்போது இழுப்பு அதிகம், அது வேறு பயம். அதற்குள் ஒருநாள் சாயங்காலம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு படித்துறையிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் கரையோடு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் சாக்கடை ஆற்றில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேலே உள்ள படித்துறையைத் தேர்ந்தெடுங்கள். மாமியார் சொல்வதும் தப்பில்லை, அவர் மனதில் இருப்பது வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழாயை வாய்க்காலில் விடாத காலத்துப் புதுத்தண்ணி.

குளிக்கிற தண்ணிக்குன்னு அரசாங்கம் ஏதாவது அளவு வச்சிருக்கா? நம்பரைச் சொல்லுங்க, சும்மா "சுத்தமா இருக்கணும்"னு சொல்லாதீங்க.
கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

இருக்கிறது தம்பி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளைப் பயன்பாட்டை வைத்து ஏ முதல் ஈ வரை பிரித்திருக்கிறது. குளிக்கத் தகுந்தது பி வகுப்பு. குளிக்கும் நீருக்கென்று தனியாக அறிவித்த அளவுகளில் முக்கியமானது மலக் கோலிஃபார்ம்: 100 மில்லிலிட்டரில் 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. அதோடு கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கை மக்கவைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 6.5-லிருந்து 8.5-க்குள். கடலுக்கு இன்னும் கறார். குளியலுக்கும் நீர் விளையாட்டுக்கும் உரிய கடல்நீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 100-தான்.

கோலிஃபார்மே நோய் தரும் என்பதில்லை. அது மனிதர், மாடு, நாய் எல்லாவற்றின் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியா. அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்திருந்தால் டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகளும் கூட வந்திருக்கலாம். ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகத் தேடுவது செலவு, அதனால் இதை எண்ணுகிறார்கள்.

எண்ணும் முறை பார்க்க அழகாக இருக்கும். ஊதா நிறக் கஞ்சி மாதிரி ஒரு திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். ஆற்றுத் தண்ணீரை 10, 1, 0.1 மில்லி என்று அளந்து விட்டு வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், கிருமி உள்ள குழாய் மறுநாள் மஞ்சளாகியிருக்கும், குட்டிக் குழாயின் உச்சியில் ஒரு வாயுக் குமிழ் நிற்கும். எத்தனை குழாய் மஞ்சளானது என்பதை அட்டவணையில் பார்த்து எண்ணிக்கையைச் சொல்வார்கள். அப்புறம் 44.5 டிகிரியில் இன்னொரு சுற்று. மலக் கிருமி மட்டும்தான் அந்தச் சூட்டைத் தாங்கி வளரும்.

இதில் வில்லங்கம் எங்கே என்றால், முடிவு கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. நீங்கள் படிக்கும் எண் அன்றைய ஆற்றைப் பற்றியது, இன்றைய ஆறு அந்த எண்ணை விட்டுக் கடலுக்கே போயிருக்கும். வாரியம் ஆற்றில் நீர் எடுப்பதும் பெரும்பாலும் மாதம் ஒரு முறைதான். ஆறு பொதுவாக எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அது போதும். 2018-ல் நாடு முழுக்க 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் அதில் இருந்தது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கலாமா என்ற கேள்விக்கு மாதாந்திர எண்ணில் பதில் கிடையாது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள். சென் நதியைச் சுத்தப்படுத்த நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, மழைநீரையும் சாக்கடையையும் பிடித்து வைக்கப் பாதாளத் தொட்டியெல்லாம் கட்டி, கடைசியில் 2024 ஜூலை 30-ல் அந்த நதியில் நீந்தித் தொடங்கவேண்டிய ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) முந்தின நாட்களில் பெய்த மழையால் ஒருநாள் தள்ளிப்போனது. மறு வருஷம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது தினமும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி கட்டினார்கள். நமக்கும் அந்தக் கொடிதான் வேண்டும். ஒரு படித்துறைக்கு ஒரு கொடிக்கம்பம் வைக்க என்ன செலவாகிவிடும்?

பாமணியாற்றங்கரையில எங்க பள்ளிக்கூடம். சூழல் மன்றத்துப் பிள்ளைகளை வச்சு நாங்களே தண்ணியைப் பரிசோதிக்க முடியுமா? கடையில விக்கிற கிட் வாங்கலாமா?
அறிவியல் ஆசிரியர், மன்னார்குடி பக்கம்

முடியும் டீச்சர், அதுவும் வாரியத்தைவிட உபயோகமாகவே செய்ய முடியும், ஏனென்றால் நீங்கள் தினமும் அங்கே இருக்கிறீர்கள்.

முதலில் கிட். ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்று ஒன்று கிடைக்கும். அதில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக் கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது, குடிநீருக்கு அருமையான கருவி. ஆற்றுக்கு வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். மாடு இறங்கும் ஆறு, வாத்து மேயும் ஆறு, குப்பி எப்போதும் கறுக்கும். கறுத்தது என்றால் 50-ஆ 50,000-ஆ என்று அது சொல்லாது. பிள்ளைகள் பயந்ததுதான் மிச்சமாகும்.

அதற்குப் பதில் ஒரு பெரிய நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே படித்துறையில், நீர்மட்டம் எத்தனையாவது படியில் நிற்கிறது, ஓட்டம் உண்டா தேக்கமா, நுரை, வாடை, மிதக்கும் குப்பை, எத்தனை மாடு இறங்கியது, நேற்றும் முந்தாநாளும் மழையா என்று எழுதட்டும். மழைமானி வேண்டுமென்றால் நேர்ச்சுவர் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஸ்கேலும் போதும். தெளிவை அளக்க, ஒரு மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாயின் அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் ஒட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது வட்டம் எந்த உயரத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். கரையோரச் சேற்றை ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டில் அலசிப் பார்க்கச் சொல்லுங்கள், இதைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். தட்டான் குஞ்சுகள், ஈசல் மாதிரி மூன்று வால் உள்ள பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் ஆக்சிஜன் தேவலை. வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் ஆறு மூச்சுத் திணறுகிறது. கையுறை கட்டாயம், அலசி முடித்ததும் சோப்பு கட்டாயம்.

மாதம் ஒரு முறையாவது உண்மையான கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் அனுப்புங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு, என்ன கட்டணம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகக் கூடாது, கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே வாங்க வேண்டும். ஆற்றில் இறங்குவது பெரியவர் ஒருவர் மட்டும். இடுப்பளவு தண்ணீரில் நீரோட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கால் கிளப்பிய சேறுதான் பாட்டிலுக்குள் போகும். மூடியைத் திறந்து, உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, பாட்டிலைக் கவிழ்த்தபடி சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி, அங்கே வைத்து ஓட்டத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். மேல்மட்டத்து ஆடை உள்ளே வராமல் இருக்கத்தான் இந்த வித்தை. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். காலையில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறினால் அதற்குள் எண்ணிக்கையே மாறிவிடும்.

ஒரு வருஷ நோட்டும் பன்னிரண்டு முடிவுகளும் சேர்ந்தால், எவ்வளவு மழைக்கு உங்கள் ஆறு கெடுகிறது, கெட்டால் எத்தனை நாளில் தேறுகிறது என்று உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும். சிட்னி கடற்கரைகளுக்கு 1989-லிருந்து நடக்கும் பீச்வாட்ச் திட்டமும் சாராம்சத்தில் இதுதான். நீண்ட காலப் பரிசோதனை முடிவுகளை மழையோடு சேர்த்துப் பார்த்து இன்று எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்கிறார்கள். பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வைத்து நீங்களும் சொல்லலாம்.

வேளாங்கண்ணி திருவிழாவுக்கு வருஷா வருஷம் குடும்பத்தோட போறோம். கடல் தண்ணி உப்பு, கிருமி செத்துடும்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியா?
வாசகி, நீடாமங்கலம்

பாதி சரி. உப்பும் வெயிலும் சேர்ந்தால் கோலிஃபார்ம் வகை சீக்கிரம் சாகும். ஆனால் குடலில் வாழும் என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும், பல வைரஸ்களும் உப்பைத் தாக்குப்பிடித்துக் கிடக்கும். அதனால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடற்கரையில் அந்த என்டரோகாக்கஸை எண்ணுகிறார்கள்.

நம் கடற்கரையில் பார்க்க வேண்டியது ஆற்று முகத்துவாரம். வேளாங்கண்ணிக்கு வெள்ளையாறு, காரைக்காலுக்கு அரசலாறு, பூம்புகாருக்குக் காவிரியே. டெல்டாவின் வடிகால் அத்தனையும் அந்த வாய்களில்தான் கடலில் கக்குகிறது. கக்கியது கரையோடே நகரும். கோடையிலும் ஆடி ஆவணியிலும் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கே போகும், கார்த்திகை மார்கழியில் தெற்கே திரும்பும். ஆக, ஆவணித் திருவிழா நேரத்தில் முகத்துவாரத்துக்கு வடக்கே ஒட்டினாற்போல் குளிப்பதும், அடைமழைக் காலத்தில் தெற்கே குளிப்பதும் சரியல்ல. பெருமழை பெய்தால் ஒருநாளாவது கடலை விட்டுவிடுங்கள், முகத்துவாரத்துப் பக்கம் மூன்று நாள். கூட்டம் லட்சக்கணக்கில் சேரும் நாளில் கழிப்பறை போதாமல் மணலே அசுத்தமாகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும், குழந்தைகள் மணலில் விளையாடிய கையோடு பஜ்ஜி தின்னும்.

தண்ணீர் பரிசோதனை முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதி வைப்பது நீலக்கொடி என்ற சர்வதேசச் சுத்தச் சான்று பெற்ற கடற்கரைகளுக்கு நிபந்தனை. தமிழ்நாட்டில் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கு 2021-ல் அந்தக் கொடி கிடைத்தது, புதுச்சேரியில் ஈடன் கடற்கரைக்கும் அதே வருஷம். யாத்திரை ஊர்க் கடற்கரைகளில் கொடி இல்லாவிட்டால் போகிறது, அந்தப் பலகையையாவது வைக்கலாம்.

மூளை தின்னும் அமீபா காவிரியில இருக்கா?
நான்கு பேர் கேட்டது

2024-ல் கேரளத்தில் குழந்தைகள் இறந்த செய்தியிலிருந்து இந்தப் பயம். நெக்லேரியா என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் இருக்கும். கடலில் இருக்காது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. நோய் மிக மிக அபூர்வம், வந்தால் பிழைப்பதும் மிக அபூர்வம். ஓடுகிற ஆற்றில் ஆபத்து குறைவு. சித்திரை வைகாசியில் ஆற்றுக்குள் மிஞ்சியிருக்கும் குட்டையிலும், பாசி பிடித்த குளத்திலும், குளோரின் போடாத நீச்சல் குளத்திலும் தலைகீழாகப் பாய்வதைத் தவிருங்கள், அடிச்சேற்றைக் கலக்கி விளையாடாதீர்கள், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். குளித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், எங்கே குளித்தோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நம் பகுதியில் இதைவிட நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. வயல் எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீர், காலில் வரப்பு கிழித்த ஒரு சின்னக் காயம், அவ்வளவு போதும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. மழை வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே தீரும். புண் இருக்கும்போது வாய்க்காலில் இறங்க வேண்டாம்.

பம்புசெட்டுல குளிக்கலாம்ல?
பாபநாசம்

தாராளமாக. தொட்டியை மட்டும் வாரம் ஒரு தடவை பாசி போகத் தேய்த்துவிடுங்கள்.

கொள்ளிடத்துல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அது பாதுகாப்புதானே?
மாணவர், திருவையாறு

கிருமிக் கணக்கில் ஒருவேளை தேவலாம். ஆனால் மணல் அள்ளிய பள்ளம் கண்ணாடித் தண்ணீருக்கு அடியிலும் இருக்கிறது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடி ஆளை முழுங்கும். முக்கொம்பிலிருந்து உபரிநீரைக் கொள்ளிடத்தில் திருப்பும் நாட்களில் மட்டம் திடீரென்று ஏறும், தண்டோரா போட்டால் இறங்கவே கூடாது. மதகு, ஷட்டர் பக்கத்தில் எந்த ஆற்றிலும் நீந்தாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கிறது, இதற்கு எதுவும் இல்லை.

2028-ல மகாமகம் வருது. அத்தனை பேர் ஒரே குளத்துல முங்குறது நல்லதா?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

நம்பிக்கைக்குள் நான் போகவில்லை ஐயா. தேங்கிய குளத்தில் வெளியிலிருந்து சாக்கடை வராவிட்டாலும், முங்குகிறவர்களே அழுக்கின் மூலம். விடியற்காலை எடுத்த தண்ணீரும் மத்தியானம் எடுத்த தண்ணீரும் ஒன்றாக இருக்காது, எனவே காலையில் ஒரு பாட்டில் எடுத்துப் "பரிசோதித்தாகிவிட்டது" என்று அறிக்கை விடுவதில் அர்த்தமில்லை. மணிக்கு மணி குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சேறும் வியர்வையும் எண்ணெயும் குளோரினைத் தின்றுவிடும். நீரைக் கணுக்கால் முழங்கால் அளவில் வைத்துத் தொடர்ந்து மாற்றுவதும் உதவும். துலா மாதம் மயிலாடுதுறையில் ஆற்றில் ஓட்டம் இல்லாத வருஷங்களுக்கும் இதே பேச்சுதான். வயதானவர்கள், சர்க்கரைப் புண் உள்ளவர்கள், கைக்குழந்தைகள் தெளித்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

ராத்திரியில செப்டிக் டேங்க் லாரி வந்து பாலத்துக்குக் கீழே குழாயை விட்டுத் திறந்துட்டுப் போகுது. யார்கிட்ட சொல்றது?
பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

அந்த ஒரு லாரி போதும், மறுநாள் கீழே இருக்கும் நாலு படித்துறையும் கெட. உரிமம் உள்ள வண்டிதான் கழிவு அள்ளலாம், அள்ளியதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டவேண்டும். நீங்களாகப் போய் மறிக்காதீர்கள். வண்டி எண், நேரம், இடம், முடிந்தால் தள்ளி நின்று எடுத்த ஒரு படம், இவற்றை நகராட்சி ஆணையருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும், கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனுநாளுக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டே கேள்வி: என் மனுமேல் என்ன நடவடிக்கை, அந்தப் பாலத்துக்குக் கீழே கடைசியாக எப்போது தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தீர்கள், முடிவின் நகல் தரவும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பகுதியில் போடுகிறேன்.